கடைசி அணிக்கு முதல் உரிமை

என்னுடன் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக அமெரிக்காவில், மேரிலாந்தில் இருக்கிறார். அமெரிக்கக் கால்பந்துப் பைத்தியத்தை எனக்குப் பிடிக்க வைத்தவர் அவர்தான். நம் ஊர் மைதானத்தில் உதைக்கிற கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற, ஆளை ஆள் முட்டிச் சாய்க்கிற ஆட்டம். இருவருக்கும் ஒரே அணி, பால்டிமோர் ரேவன்ஸ். ஞாயிறு இரவு பத்தரைக்கு ஆட்டம் தொடங்கினால் ஒன்றரை, இரண்டு மணி வரை வாட்ஸாப்பில் சேர்ந்து கத்துவோம். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் வந்தால், நம் நேரப்படி வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து எழுந்துவிடுவேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை அவரிடமிருந்து செய்தி. "நம்ம ஆளுங்க இழப்பீட்டு பிக் வாங்குற அழகே தனி மச்சி. வேற எந்த அணிக்கும் இந்த மூளை கிடையாது." நானும் ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்று மாலை எங்கள் வகுப்புத் தோழர்கள் குழுவில் அதே நண்பர் ஒரு படத்தைப் பகிர்ந்திருந்தார். அறுவை சிகிச்சை மேசையில் அலறும் நோயாளி, பக்கத்தில் கத்தியோடு 'கோட்டா டாக்டர்'. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அந்தக் குழுவில் இடஒதுக்கீட்டில் படித்து வந்தவர்கள் பதினைந்து பேராவது இருக்கிறோம்.

இரண்டு செய்திக்கும் நடுவில் பத்து மணி நேரம்தான்.

டிராஃப்ட் என்றால் என்னவென்று தெரியாத தோழர்களுக்கு: என்.எஃப்.எல். என்கிற தொழில்முறைப் போட்டியில் 32 அணிகள். கல்லூரி ஆட்டம் முடித்து வருகிற இளைஞர்களை இந்த அணிகள் ஒவ்வொன்றாக முறை வைத்து, ஏழு சுற்றுகளில் எடுக்கின்றன. யாருக்கு முதல் முறை? போன பருவத்தில் ஆகக் கேவலமாகத் தோற்ற அணிக்கு. கோப்பையை வென்ற அணி கடைசியில் நிற்க வேண்டும். நன்றாக ஆடியவனுக்குக் கடைசி இடம், மோசமாக ஆடியவனுக்கு முதல் உரிமை.

இதைக் கொண்டுவந்தது ஏதோ பொதுவுடைமைக் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். 1935இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் முன்வைத்த யோசனை இது. அவர் அணி தோற்றுக்கொண்டே இருந்தது. நல்ல ஆட்டக்காரர்களைப் பணக்கார அணிகள் அள்ளிக்கொண்டு போயின. இப்படியே போனால் போட்டியே செத்துவிடும் என்றார். பணக்கார அணிகளும் ஒப்புக்கொண்டன. 1936 பிப்ரவரியில் பிலடெல்பியா ஹோட்டல் ஒன்றில் முதல் டிராஃப்ட் நடந்தது. முதல் தேர்வு யாருக்கு? பெல்லின் அணிக்கேதான். அதோடு நிற்கவில்லை. பின்னாளில் தொலைக்காட்சி வருமானத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1994இல் ஒவ்வோர் அணியும் சம்பளத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று உச்சவரம்பு போட்டார்கள். சோசலிசம் என்ற சொல்லைக் கெட்ட வார்த்தையாக உச்சரிக்கிற நாட்டில், கோடீஸ்வரர்கள் தமக்குள் வைத்திருக்கிற ஏற்பாடு இது.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் என்றோர் அணி 2017 பருவத்தில் 16 ஆட்டங்களில் 16லும் தோற்றது. 2018 டிராஃப்டில் முதல் பிக் அதற்குத்தான். அதற்கு முந்தைய ஆண்டும் முதல் பிக் அதற்குத்தான். "ஒருமுறை கொடுத்தாயிற்றே, இன்னும் எத்தனை தலைமுறைக்கு?" என்று யாரும் கேட்கவில்லை. "உரிமையாளர்தான் பெரும் பணக்காரர் ஆயிற்றே, கிரீமி லேயர் இல்லையா?" என்று யாரும் மனுப் போடவில்லை. தோற்ற அணிக்குக் கைகொடுத்தால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும் என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த நியாயம். நண்பர் கொண்டாடிய இழப்பீட்டு பிக்கும் இதே கணக்குதான். ஒப்பந்தம் முடிந்து உன் ஆட்டக்காரர்கள் வேறு அணிக்குப் போய்விட்டால், அந்த இழப்புக்கு ஈடாக மூன்றாவது சுற்றிலிருந்து ஏழாவது சுற்றுக்குள் கூடுதல் பிக் தருவார்கள். இந்த முறை வந்ததிலிருந்து அதை அதிகம் வாங்கிய அணி எங்கள் ரேவன்ஸ். இழப்புக்கு ஈடு என்பதை எங்கள் நண்பர் மூளை என்கிறார். ஈராயிரம் ஆண்டு இழப்புக்கு ஈடு என்றால் மட்டும் அவருக்கு அறுவை சிகிச்சை மேசை நினைவுக்கு வருகிறது.

(2019இல் 103ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தில் உயர்சாதி ஏழைகளுக்கு 10 விழுக்காடு வந்தபோது அந்த மேசையும் கத்தியும் எங்கே போயிருந்தன என்றும் தெரியவில்லை. குழுவில் அன்று பொங்கல் வாழ்த்து மட்டும்தான் ஓடியது.)

நண்பர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "அது அணிகளுக்கு இடையில இருக்கிற ஏற்பாடு. ஆட்டக்காரனை எடுக்கிறது முழுக்க முழுக்கத் திறமையைப் பார்த்துத்தான். ஓட்டத்தை ஸ்டாப்வாட்ச் வச்சு அளக்குறான், சாதி பார்த்து இல்ல." சரி, அந்தத் திறமைக் கதையையே எடுத்துக்கொள்வோம்.

முதல் டிராஃப்ட் நடந்த 1936இல் அந்தப் போட்டியில் ஒரு கறுப்பர்கூட இல்லை. 1933க்குப் பிறகு 1945 வரை சத்தமில்லாமல் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். எழுதப்பட்ட விதி கிடையாது. நம் ஊர்த் தேநீர்க்கடை இரட்டைக் குவளைக்கு எங்கே எழுதப்பட்ட விதி இருந்தது? 1939இல் கல்லூரிக் களத்தில் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் கென்னி வாஷிங்டன். பின்னாளில் பேஸ்பாலில் நிறத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் அப்போது அவரோடு ஒரே அணியில் ஆடியவர். 1940 டிராஃப்டில் கென்னியை யாரும் எடுக்கவில்லை. 1946இல்தான் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி அவரைச் சேர்த்தது. திடீரென்று அவர் திறமை கண்ணில் பட்டுவிட்டதா? ராம்ஸ் அப்போதுதான் அந்த ஊருக்குக் குடிவந்திருந்தது, ஆடுவதற்குப் பொதுப் பணத்தில் கட்டிய கொலிசியம் மைதானம் வேண்டும். வரிப்பணத்தில் கட்டிய இடத்தில் நிறம் பார்க்கிறவனை விடலாமா என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மடக்கினார்கள். முழங்கால் கெட்டு, நல்ல வயதெல்லாம் கழிந்த பிறகு கென்னிக்கு இடம் கிடைத்தது.

வாஷிங்டன் அணியின் உரிமையாளர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் அப்போதும் மசியவில்லை. மற்ற எல்லா அணிகளும் மாறிய பின்பும் ஒரு கறுப்பரைக்கூடச் சேர்க்காமல் 1961 வரை ஓட்டினார். அவருடைய புது மைதானம் மத்திய அரசு நிலத்தில் இருந்தது. கென்னடி அரசின் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யுடால், பாகுபாடு காட்டினால் மைதானம் கிடையாது என்றார். அடுத்த டிராஃப்டில் மார்ஷல் முதல் பிக்கிலேயே எர்னி டேவிஸ் என்ற கறுப்பின இளைஞரின் பெயரைச் சொன்னார். அவரைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து பாபி மிட்செலை வாங்கிக்கொண்டார். 1962இல் மிட்செல் களமிறங்கினார். தகுதிக்குக் கண் திறந்தது குத்தகைப் பத்திரத்தைப் பார்த்த பிறகுதான். தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்டால் "எங்கள் நிறுவனம், எங்கள் விருப்பம்" என்கிறவர்கள், அரசு கொடுத்த நிலத்தில்தான் கட்டடம் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

கதவைத் திறந்த பிறகும் உள்ளே யாருக்கு எந்த நாற்காலி என்பது வேறு கதை. 1970இல் ஜான் லாய், ஜோசப் மெக்கெல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க விளையாட்டுகளில் யார் எந்த இடத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்று பார்த்தார்கள். முடிவெடுக்கிற நடு இடங்களில் வெள்ளையர், ஓடுகிற, இடிபடுகிற ஓரங்களில் கறுப்பர். முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை, எங்கள் ஊர்த் திருவிழாதான் நினைவுக்கு வந்தது. பறையடிக்க ஒருவர், பரிவட்டம் கட்டிக்கொள்ள ஒருவர்.

கால்பந்தில் அந்தப் பரிவட்டம் குவாட்டர்பேக். பந்து முதலில் அவர் கைக்கு வரும், எல்லா முடிவும் அவருடையது. 1978இல் வாரன் மூன் என்ற கறுப்பினக் குவாட்டர்பேக், ரோஸ் பௌல் என்கிற புகழ்பெற்ற கல்லூரிப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் விருதோடு நின்றார். இடத்தை மாற்றிக்கொண்டால் பார்க்கலாம் என்ற பேச்சு வந்தது. அவர் மறுத்துவிட்டுக் கனடாவுக்குப் போனார். டிராஃப்டின் அத்தனை சுற்றிலும் அவர் பெயர் வரவேயில்லை. கனடாவில் தொடர்ந்து ஐந்து முறை கோப்பை வென்ற பிறகுதான் அமெரிக்க அணிகள் அவர் பின்னால் ஓடின. 2006இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார். அந்த மண்டபத்துக்குள் போன முதல் கறுப்பினக் குவாட்டர்பேக் அவர்.

அது பழைய கதை என்பீர்கள். 2018க்கு வருவோம். லமார் ஜாக்சன், எங்கள் ஆள். 2016இல் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மன் அவருக்குக் கிடைத்தது. டிராஃப்ட் நெருங்கியபோது, பல அணிகளைக் கட்டியெழுப்பிய முன்னாள் பொது மேலாளர் பில் போலியன், லமார் பந்து பிடிக்கிற ரிசீவராக மாற வேண்டும் என்றார். 1978க்கும் 2018க்கும் நடுவே 40 ஆண்டுகள், வசனத்தில் ஒரு வார்த்தை மாறவில்லை. (2019இல் லமார் ஆடியதைப் பார்த்துவிட்டுத் தான் சொன்னது தவறு என்று போலியன் ஒப்புக்கொண்டார். அந்த நாணயம்கூடப் பலருக்கு இல்லை.) லமாரின் வீச்சில் துல்லியம் போதாது என்றார்கள். கடைசிக் கல்லூரிப் பருவத்தில் அவர் வீசியதில் 59 விழுக்காடு இலக்கை அடைந்தது. அதே டிராஃப்டில் ஜோஷ் ஆலன் என்ற வெள்ளையினக் குவாட்டர்பேக்குக்கு 56 விழுக்காடு. ஆலனைப் பற்றிச் சொன்னது: "கச்சா வைரம், நேரம் கொடுத்தால் தேறுவார்." ஆலன் ஏழாவது ஆளாக எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னே பேக்கர் மேஃபீல்டும் சாம் டார்னால்டும், பின்னே பத்தாவதாக ஜோஷ் ரோசனும் போனார்கள். லமார் பச்சை அறையில் உட்கார்ந்தே இருந்தார். முதல் சுற்றின் கடைசி இடம், 32ஆவது.

ஆலன் மோசமான ஆட்டக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவர் அருமையாகத் தேறினார், 2024 பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். நான் சொல்ல வருவதே அதுதான். நேரம் கொடுத்தால் தேறுவான் என்று நம்பப்பட்டவன் தேறிவிட்டான். அந்த நம்பிக்கையை யாருக்குக் கொடுப்பது என்பதை எந்த ஸ்டாப்வாட்சும் அளப்பதில்லை. முதல் தலைமுறையாக ஆங்கில வழி வகுப்பில் உட்காரும் எங்கள் பிள்ளைக்கு முதல் பருவத் தேர்விலேயே முத்திரை குத்துகிற பேராசிரியர், தன் தெருப் பையன் தடுமாறினால் "போகப் போகப் பிடிச்சுக்குவான்" என்பதை நான் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்.

இப்போது என் அணியைப் பற்றி. ரசிகனாக எனக்குக் கசக்கிற பகுதி இது.

அன்று லமாரை எடுத்தவர் ஆஸி நியூசம். தானே பெரிய ஆட்டக்காரராக இருந்தவர், 2002இல் என்.எஃப்.எல். வரலாற்றின் முதல் கறுப்பினப் பொது மேலாளர் ஆனவர். 1996இல் ரேவன்ஸின் முதல் டிராஃப்டிலேயே ஜோனதன் ஆக்டன், ரே லூயிஸ் என்று முதல் சுற்றில் இரண்டு சரித்திர ஆட்டக்காரர்களைப் பிடித்த கண் அவருடையது. தேவைக்கு ஆள் எடுக்காதே, பட்டியலில் மிஞ்சி நிற்பவர்களில் சிறந்தவனை எடு என்பது அவர் வகுத்த பாதை. மற்றவர்கள் கண்ணில் படாததைப் பார்ப்பதுதான் எங்கள் அணியின் உத்தி என்று நாங்கள் மார்தட்டுவோம். 2018 அவருடைய கடைசி டிராஃப்ட்.

ஆனால் அன்று ரேவன்ஸிடம் 16ஆவது பிக் இருந்தது. லமாரை எடுக்கவில்லை. கீழே இறங்கி 22க்குப் போனார்கள், அங்கிருந்தும் இறங்கி 25க்குப் போனார்கள். 25இல் ஹேடன் ஹர்ஸ்ட் என்ற டைட் எண்டை எடுத்தார்கள். பிறகுதான் ஈகிள்ஸிடம் பேசி 32ஆவது பிக்கை வாங்கி லமாரை எடுத்தார்கள். ரசிகர்கள் இதை மேதைமை என்கிறோம். சந்தைக்காரரின் பொறுமை என்றும் சொல்லலாம். ஊரே ஒருவனைக் குறைத்து மதிப்பிடும்போது, அவன் மதிப்பு தெரிந்தவன் அவசரப்பட வேண்டியதில்லை. விலை இன்னும் இறங்கும்.

விலை என்பதை உவமையாகச் சொல்லவில்லை. 2011 முதல் புதிய ஆட்டக்காரரின் சம்பளம் அவர் எத்தனையாவது பிக் என்பதை வைத்தே முடிவாகிறது. முதல் பிக்கான மேஃபீல்டுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 3 கோடியே 27 லட்சம் டாலர். 32ஆவது பிக்கான லமாருக்குச் சுமார் 95 லட்சம் டாலர். அந்த நான்கு ஆண்டுகளுக்குள், 2019இல், ஒரு வாக்குகூடச் சிதறாமல் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார் லமார். நடுவில் உள்ள வித்தியாசத்தை யார் கட்டினார்கள்? தவறாக மதிப்பிட்ட மேலாளர்கள் கட்டவில்லை, மதிப்பிடப்பட்டவர் கட்டினார். யார் பையில் போய் விழுந்தது? என் அணியின் பையில். அந்த மிச்சத்தில்தான் வேறு நல்ல ஆட்டக்காரர்களை வாங்கினோம், நான் விடிய விடியக் கத்தினேன். இந்த மாதிரி பிக்குக்கு அமெரிக்க ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸ்டீல்'. தமிழில் திருட்டு. வேடிக்கைக்குச் சொல்கிற சொல்தான், ஆனால் சரியான சொல்.

இந்த உத்தியை எனக்கு அடையாளம் காட்டியது கால்பந்து அல்ல. நான் முதலில் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர்கள் எல்லோரும் சேரிப் பிள்ளைகள், திட்ட அதிகாரிகள் எல்லோரும் வேறு தெரு. "நாங்கள் சான்றிதழ் பார்ப்பதில்லை, ஆற்றல் பார்க்கிறோம்" என்று இயக்குநர் மேடைக்கு மேடை சொல்வார். மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்ட பட்டதாரிகள் பாதிச் சம்பளத்துக்குக் கிடைப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். களத்தில் எங்களோடு இருந்த ஒரு பெண் சொந்த உழைப்பில் வேறு நிறுவனத்துக்கு ஒருங்கிணைப்பாளராகப் போனபோது, "நாங்கள் உருவாக்கிய தலைவர்" என்று ஆண்டறிக்கையில் அவர் படம் வந்தது. அந்த ஆண்டு நிதியும் கூடுதலாக வந்தது. அந்தப் பெண்ணுக்கு அறிக்கையின் பிரதிகூட அனுப்பவில்லை.

இதை அப்படியே சட்டமாக எழுதி வைத்திருக்கிறது என்.எஃப்.எல். பாதிக்கு மேல் ஆட்டக்காரர்கள் கறுப்பர்கள், ஆனால் தலைமைப் பயிற்சியாளர்களில் விரல்விட்டு எண்ணலாம், ஓர் அணியின் பெரும்பங்கு உரிமையாளராக இன்றுவரை ஒரு கறுப்பர்கூட வந்ததில்லை. தலைமைப் பதவிக்கு ஆள் எடுக்கும்போது சிறுபான்மையினரையும் நேர்காணலுக்கு அழைக்க வேண்டும் என்று 2003இல் ரூனி விதி வந்தது. அழைத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். 2020இல் புதிதாக ஒன்று யோசித்தார்கள். உன் அணியில் இருக்கும் சிறுபான்மைப் பயிற்சியாளரை இன்னோர் அணி தலைமைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டால், அவரை இழந்த உனக்கு அடுத்தடுத்த இரண்டு டிராஃப்டில் மூன்றாவது சுற்றில் ஒவ்வொரு பிக் இனாம். அப்படி முதலில் பலன் பெற்ற அணிகளில் ரேவன்ஸும் ஒன்று. எங்கள் உதவிப் பயிற்சியாளராக இருந்த டேவிட் கல்லி 2021இல் ஹூஸ்டன் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அவர் வயது அப்போது 65. பயிற்சியாளராகக் கால் நூற்றாண்டுக்கு மேல் அதே போட்டியில் இருந்தவர், முதல் முறையாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஹூஸ்டன் அப்போது சிதைந்து கிடந்த அணி. ஒரே பருவத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2022 ஏப்ரலில், கல்லியின் நாற்காலி பறிபோய் மூன்று மாதம் கழித்து, அவர் பெயரால் ரேவன்ஸுக்குச் சேர வேண்டிய இரண்டாவது பிக் சிதறாமல் வந்து சேர்ந்தது.

பாகுபாட்டுக்கான இழப்பீட்டை, பாகுபாட்டுக்கு ஆளானவரைத் தவிர மற்றவருக்குக் கொடுக்கிற ஏற்பாடு இது. உட்கூறு நிதியில் மேம்பாலம் கட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு விளக்கம் தேவையில்லை. கல்லியின் ஒப்பந்தத்தை இத்தனை ஆண்டுக்குக் கலைக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். வளர்த்துவிட்டதற்கான பரிசைப் பிக்காகக் கொடுக்காமல், கறுப்பினப் பயிற்சியாளர்கள் அடுத்த வாய்ப்பு வரும்வரை தாக்குப்பிடிக்கும் நிதியாகக் கொடுத்திருக்கலாம். உரிமையாளர்கள் கூடி எழுதிய விதியில் உரிமையாளருக்குத்தான் லாபம் வரும்.

திறமையை அறிவியலாக அளக்கிறோம் என்பவர்களுக்கு இன்னும் ஒன்று. டிராஃப்டுக்கு முன் உள்ளங்கை அகலம், கை நீளம் எல்லாம் அளப்பார்கள். 12 நிமிடத்தில் 50 கேள்வி என்று ஓர் அறிவுத் தேர்வும் 2022 வரை இருந்தது. இதே உடல்கள் ஆடி முடித்து, தலையில் பட்ட அடிகளால் மறதி நோய் வந்து இழப்பீடு கேட்டபோது என்ன செய்தார்கள் தெரியுமா? கறுப்பருக்குத் தொடக்கத்திலேயே சிந்தனைத்திறன் சற்றுக் குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டு மதிப்பெண்ணைக் கணக்கிட்டார்கள். ஆகவே அவர்கள் இழந்தது குறைவு, ஆகவே பணம் இல்லை. இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020இல் வழக்குப் போட்ட பிறகு, 2021இல்தான் இதைக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டார்கள். 2021 என்பதை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள்.

நண்பருக்கு இதையெல்லாம் தனிச் செய்தியாக எழுதி அனுப்பினேன், கொஞ்சம் நீளமாகத்தான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "விளையாட்டை விளையாட்டா பாரு மச்சி. அந்த ரெண்டு பிக்கும் விதிப்படிதானே வந்துச்சு?" ஆமாம், விதிப்படிதான் வந்தது. எங்கள் இடமும் விதிப்படிதான் வந்தது என்று திருப்பி அனுப்பினேன். நீலக் கோடு இரண்டும் விழுந்திருக்கிறது. குழுவில் அந்தப் படம் இன்னும் அப்படியே இருக்கிறது.